இறங்கி ஓடுகிறவன்

தேவகோட்டை ரஸ்தாவில், சொர்ணலிங்கத்தின் பெயிண்ட் கடையில் பேச்சு.
தை முடிய நாலு நாள்.
மாசியில் பிடித்தால் ஆடி வரைக்கும் பந்தயம்.
நான் உட்கார்ந்ததும் டீ சொன்னார்.
போன வருஷம் பன்னும் சேர்த்துச் சொன்னார்.

வண்டிக்கு இரண்டு பேர் நாங்கள்.
கயிறு பிடிப்பவர் உட்கார்ந்திருப்பார்,
ஐம்பது வயதிலும் அவரைத் தேடி ஆள் வரும்.
நான் பின்னால் தொற்றிக்கொண்டு போய்
மாடு சுணங்கும் இடத்தில் குதிக்க வேண்டும்.
கூடவே ஓடி, கத்தி, முதுகில் தட்டி
முன்வண்டியைத் தாண்டவைத்துவிட்டு
ஓடுகிற வண்டியில் மறுபடி ஏற வேண்டும்.
மைக்கில் மாட்டுக்காரர் பெயர், ஊர், பிறகு மாட்டின் பெயர்.
என் பெயருக்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

பத்தொன்பதில் கண்டனூர் ரோட்டில் முதல் ஓட்டம்.
அந்த வருஷம் முழுக்க ஓடியதற்கு
ஒரு வேட்டி, ஆயிரம் ரூபாய்.
அப்போதுதான் என் கால் கால்.
இருபத்துமூன்றில் பதினெட்டுக் கொடி.
அதற்குப் பிறகுதான் கூலி ஏறியது,
கால் குறைய ஆரம்பித்த பிறகு.

பூங்கோதை கணக்குப் போட்டாள்.
ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள், விடமாட்டாள்.
பந்தயத்துக்கு மூன்று மைல் தரையில்,
வருஷம் நாற்பது பந்தயம், பதினோரு வருஷம்:
ஆயிரத்து முன்னூற்று இருபது மைல்.
"நேரா வடக்க ஓடியிருந்தா காசி வந்திருக்கும்,
நகரத்தார் சத்திரத்துல ரூமாவது கெடைச்சிருக்கும்" என்றாள்.
சிரித்தோம்.
என் வலது முழங்காலின் படம்
பீரோவில் அவள் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

சொர்ணலிங்கம் செல்போனை நீட்டினார்.
கம்பத்திலிருந்து இறக்கிய மாடு, ஆறு பல், ஆறு லட்சம்.
இன்ஷூரன்ஸும் போட்டாச்சாம்.
அடுத்த வீடியோ, மேலிருந்து ட்ரோன் எடுத்தது:
அரியக்குடிப் பையன் ஒருவன்
தார் ரோட்டில் நிழலை விட்டுவிட்டு ஓடுகிறான்.
"காசே வேண்டாங்கறான். யூடியூப்ல பேர் வந்தா போதுமாம்."

நான் எதுவும் சொல்லவில்லை.
நானும் அந்த வேட்டியை மூன்று வருஷம் கட்டினேன்.

"ஒனக்கு இந்தத் தடவை பாதி. மிச்சம் கொடிக்குக் கொடி."
போன வருஷம் உங்கள் வண்டி ஜெயித்தது பதினொன்று என்றேன்.
"அதுக்குக் கொடுத்தாச்சே வெள்ளைக்கண்ணு,
நான் வாங்குறது இனிமே ஓடப்போறதை."
சரிதான்.
ஆனால் இனிமே ஓடப்போகிறதைப் பத்தொன்பதில் யாரும் வாங்கவில்லை.
அன்றைக்கு ஓடியதற்கு மட்டும்தான் வேட்டி.

மாடென்றால் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்.
என்னிடம், "அந்த மேல் தட்டுல ப்ரைமர் டின் இருக்கு,
கொஞ்சம் எடு தம்பி" என்றார்.
கடைப்பையன் பக்கத்திலேயே நிற்கிறான்.
அவன் ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தரையைக் கூட்டப் போய்விட்டான்.

ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் இடது காலே முன்னால்.
மூன்றாவது படியில் அவர் எண்ணுவது தெரிந்தது.
டின் இருபது லிட்டர்.
ஏறுவது யாருக்கும் வரும்.
பதினோரு வருஷமாக எனக்குக் கூலி இறங்குவதற்கு.

நாலாவது படியிலிருந்து குதித்தேன்,
டின்னைக் கட்டிக்கொண்டு,
வண்டி ஓடிக்கொண்டிருப்பது போலவே
இரண்டடி முன்னால் ஓடி நின்றேன்.
முகத்தில் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டேன்.
காதுக்குள் சைக்கிள் செயின் கழன்ற மாதிரி ஒரு சத்தம்,
எனக்கு மட்டும்.

"முக்கால் பங்கு. முழுசும் மொதல் பந்தயத்துக்கு முன்னாடி கையில" என்றேன்.
சொர்ணலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கடைப்பையனைக் கூப்பிட்டு
பன்னும் வாங்கிவரச் சொன்னார்.

நின்றபடியே தின்றேன்.
உட்கார்ந்தால்
அவர் முன்னால் எழுந்திருக்க வேண்டும்.